வழிப்போக்கரும் விருந்தறமும்

மதுரை மாநகரில் வைகையாற்றின் வடகரையில் அமைந்த பகுதி செல்லூர். சித்திரைத் திங்களில் அழகர் தம் மலையினின்றும் புறப்பட்டு ஆற்றில் எழுந்தருளும் நாளில், இக்கரையெங்கும் மக்கள் வெள்ளம் பெருகும். வெயிலில் நெடுவழி நடந்து வருவோர்க்குப் பந்தல் அமைத்துப் பானகமும் நீர்மோரும் வழங்குவர். வெல்லத்தை நீரிற் கரைத்துச் சுக்கும் ஏலமும் சேர்ப்பது பானகம். நீர்மோரில் உப்பும் இஞ்சியும் கூடும். வியர்வையால் உடல் இழந்த நீரையும் உப்பையும் மோர் மீட்டுத் தரும்; பானகத்தின் இனிப்பு சோர்வை நீக்கும். "நீர் யார்?" என்று வினவிய பின்னர் எவரும் குவளையை நீட்டுவதில்லை. இவ்வழக்கத்தின் பின்னே நெடிய வரலாறு உண்டு.

'விருந்து' என்னும் சொல்லை இன்று நாம் சுவையான உணவுக்கு வழங்குகிறோம். பழந்தமிழில் அதற்குப் புதுமை என்பது பொருள். ஆதலின் புதியராய் வருபவரும் விருந்து எனப்பட்டனர். உறவினர் சுற்றம், முன்பின் அறியாதவரே விருந்து.

இவ்வறத்திற்கு மதுரையையே களமாக்கியது மணிமேகலை. சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கிய ஆபுத்திரன், தான் இரந்து பெற்ற உணவை எளியோர்க்கு ஊட்டி வந்தான். மழை பெய்த நள்ளிரவொன்றில் பசியோடு வந்தோர்க்கு அளிக்க ஒன்றுமின்றிக் கலங்கினான். அந்நேரத்தில்தான் அமுதசுரபி அவன் கைக்கு வந்தது என்கிறது காப்பியம்.

1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள், சாலைகள் அமைத்தும் சத்திரங்கள் எழுப்பியும் வழிநடப்போர்க்கு உதவினார். புகைவண்டி நிலையத்தின் எதிரே அவர் பெயர் தாங்கிய சத்திரம் உள்ளது.

எனினும், வரலாறு முழுவதும் பெருமையே அன்று. நம் நாட்டுச் சத்திரங்கள் பலவற்றில் சாதி பார்த்துப் பந்தி பிரித்தனர். தாகத்தோடு வந்தவர்க்குக் குவளை கொடாது, எட்ட நின்று கையில் நீர் வார்த்த கொடுமையும் நிகழ்ந்தது. மீனாட்சியம்மன் கோயில் வாயில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறந்ததும் 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாளில்தான்.

மாணவ நண்பர்களே! கல்லாற் கட்டிய சத்திரம் கற்பிக்கத் தவறியதை ஓலையால் வேய்ந்த பந்தல் நமக்குக் கற்பிக்கக்கூடும். உண்டியின் சிறப்பு அதன் சுவையில் மட்டும் இல்லை. அதனை நீட்டும் கை, பெறும் கையை எவ்வாறு மதிக்கிறது என்பதிலும் இருக்கிறது. அடுத்த சித்திரையில் பந்தலில் நின்று மோர் வார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமாயின், விருந்து என்ற சொல்லின் பழம்பொருளை நினைவிற் கொள்ளுங்கள்.