நிழலில் பூத்த வில்லங்கம்!

ஹாஸ்டா என்று ஒரு செடி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெயிலே எட்டிப் பார்க்காத தோட்டத்து மூலையா, கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் நடுவார்கள். அகலமான இலை. கோடையில் ஒரு தண்டு நீண்டு வெள்ளையாகவோ வெளிர் ஊதாவாகவோ பூக்கும். பனிக்காலத்தில் மண்ணுக்கு மேல் ஒன்றுமே இருக்காது. செத்துவிட்டது என்று நினைத்தால், வசந்தத்தில் மறுபடி தலை நீட்டும். (அந்தக் குளிர்த் தூக்கம் அதற்குக் கட்டாயம். சென்னை மொட்டைமாடியில் வைத்துப் பார்த்து வருத்தப்படாதீர்கள்!)

இந்தச் சாதுவான செடி ஐரோப்பாவுக்குப் போன கதையில் உளவு, சிறை, பிணத்துக்குத் தண்டனை எல்லாம் உண்டு.

1823. ஜப்பான் கதவைச் சாத்தி வைத்திருந்த காலம். ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டும் நாகசாகியில் தேஜிமா என்ற செயற்கைத் தீவில் ஒண்டுக்குடித்தனம். அங்கே டாக்டராக வந்து இறங்கினார் ஃபிலிப் ஃபிரான்ஸ் ஃபான் ஸீபோல்ட். வயது 27. உண்மையில் அவர் ஜெர்மானியர். அவர் பேசிய டச்சு உதைத்தது. 'இவர் மலைநாட்டு டச்சுக்காரர், அப்படித்தான் பேசுவார்' என்று சமாளித்தார்களாம். ஹாலந்தில் ஏதய்யா மலை?

வைத்தியத்துக்கு ஸீபோல்ட் காசு வாங்கவில்லை. நோயாளிகள் செடியும் பொருளுமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். அவரிடம் மருத்துவம் படித்த மாணவர்களும் செடி தேடிக் கொடுத்தார்கள். அதில் ஹாஸ்டாவும் உண்டு. ஜப்பானியர் அதை 'கிபோஷி' என்பார்கள். பாலத்துக் கைப்பிடித் தூணின் உச்சியில் இருக்கும் குமிழுக்குத்தான் அந்தப் பெயர். மொட்டு அதே வடிவம்.

செடியோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷன் வரைபடத்துக்கும் ஆசைப்பட்டார். அரசாங்க வானியலாளர் தகாஹாஷி காகேயாசு, ஒரு ரஷ்யக் கடற்பயண நூலுக்குப் பதிலாக ஜப்பானின் வரைபடப் பிரதியைக் கொடுத்தார். வெளிநாட்டானுக்கு வரைபடம் என்றால் தேசத்துரோகம். 1828-ல் விஷயம் வெடித்தது. புயலில் தரைதட்டிய கப்பலில்தான் வரைபடம் சிக்கியது என்று நீண்ட நாள் ஒரு கதை உண்டு. ஆய்வாளர்கள் இப்போது அதை ஏற்பதில்லை. ஸீபோல்ட் அனுப்பிய ஒரு பார்சலை மாமியா ரின்ஸோ என்பவர் அதிகாரிகளிடம் ஒப்படைத்ததிலிருந்துதான் சந்தேகம் கிளம்பியது.

தகாஹாஷி 1829-ல் சிறையிலேயே இறந்துபோனார். விட்டார்களா? உடலை உப்பிலிட்டுப் பாதுகாத்து, மறுவருடம் மரண தண்டனை என்று தீர்ப்பு வாசித்தார்கள்! ஸீபோல்டுக்குக் கிடைத்தது நாடுகடத்தல் மட்டும். வரைபடம் கொடுத்தவர் செத்தார், வாங்கியவர் பிழைத்தார்.

1830-ல் அவர் ஐரோப்பாவில் இறங்கி, செடிகளை கென்ட் நகரில் வைத்தால், பெல்ஜியத்தில் புரட்சி. அவர் லைடனுக்குப் போனார், செடிகள் அங்கேயே மாட்டிக்கொண்டன. பல வருடம் கழித்து ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்தது. ஓரிரு சீன ஹாஸ்டாக்கள் முன்பே வந்திருந்தாலும், ஜப்பானிய வகைகளைப் பரப்பியதில் பெரும் பங்கு இவருடையது. ஒரு வகைக்கு 'ஹாஸ்டா ஸீபோல்டியானா' என்றே பெயர்.

நாகசாகியில் அவர் விட்டுவந்தது குஸுமோட்டோ டாக்கி என்ற பெண்ணையும், இரண்டு வயது மகள் இனேயையும். நிழல் விரும்பும் இன்னொரு செடியான ஹைட்ரேஞ்சியாவின் ஒரு வகைக்கு 'ஒடாக்ஸா' என்று பெயர் வைத்தார். டாக்கியை அவர் கூப்பிட்ட 'ஒடாக்கி சான்' தான் அது. பிற்காலத்தில் இதைக் கண்டுபிடித்த தாவரவியலாளர் மகினோ தோமிதாரோவுக்கு வந்ததே கோபம்!

தடை நீங்கி 1859-ல் ஸீபோல்ட் மறுபடி நாகசாகி வந்தார். இனே அப்போது டாக்டர். பிரசவ மருத்துவம் சொல்லிக்கொடுத்தது, அப்பாவின் பழைய மாணவர்.