தனிவழிப் பயணியின் கட்டுச்சோறு

ஹிஜ்ரி 725, ரஜப் பிறை 2 (கி.பி. 1325, ஜூன் 14). மொராக்கோவின் தஞ்சா நகரிலிருந்து இப்னு பதூதா என்னும் 21 வயது இளைஞர் துணை எவருமின்றி ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். திட்டம் மக்கா வரைதான்; பயணமோ ஏறத்தாழக் கால் நூற்றாண்டு நீண்டது.

இயன்றவரை சென்ற வழியில் மீண்டும் செல்லலாகாது என்பது அவர் வகுத்துக்கொண்ட விதி. கல்வியே அவரது கட்டுச்சோறு. அரபு மொழியும் மாலிகி மத்ஹபின் சட்ட ஞானமும் டில்லியிலும் மாலத்தீவிலும் காழிப் பதவியை ஈட்டித் தந்தன. சூஃபிகளின் தைக்காக்கள் வழியெங்கும் உணவும் உறைவிடமும் அளித்தன. மதுரைச் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி அவருக்குச் சகலர்.

ஆயினும் அவர் கொடுத்த விலை சிறிதன்று. தந்தை மறைந்த செய்தியைப் பதினைந்து ஆண்டுகள் கழித்தே திமிஷ்கில் அறிந்தார். 1349இல் தாயகத்தை நெருங்கியபோது, அன்னையும் கொள்ளைநோய்க்கு இரையானது தெரியவந்தது. உலகைக் கண்ட அக்கண்கள் பெற்றோரை மீண்டும் காணவில்லை. நெடும்பயணம் திட்டமிடுவோர் இச்செலவையும் கணக்கில் எழுதிக்கொள்வாராக!