ஆப்ஷன் லிஸ்ட்டில் ஒரு டிக்: ஒரு டாக்டரின் கார் கதை

 

போன வாரம் காலேஜ் நண்பன் ஒருத்தன் போன் பண்ணான். பெரிய சொகுசு எஸ்யூவி புக் பண்ணப் போறான். ஷோரூம்ல குடுத்த ஆப்ஷன் லிஸ்ட்டை போட்டோ எடுத்து அனுப்பி, "எதை டிக் பண்ணலாம், சொல்லுடா"ன்னு கேட்டான்.

அவன் ஏற்கெனவே டிக் பண்ணி வச்சது: பனோரமிக் சன்ரூஃப், குளுகுளு காத்து வர்ற சீட், உள்ள 64 கலர்ல எரியுற விளக்கு. டிக் பண்ணாம விட்டது: பின் சீட்டுக்கான பக்கவாட்டு ஏர்பேக். முன்னாடி வண்டி திடீர்னு நின்னா தானா பிரேக் போடுற பேக்கேஜையும் தொடல. "அதெல்லாம் யாருக்குடா யூஸ் ஆகும், காசு வேஸ்ட்"ங்கிறான்.

எனக்கு சிரிப்பு வந்துச்சு. ஏன்னா இதே வசனத்துக்கு எழுபது வருஷ வரலாறு இருக்கு. இன்னைக்கு நாம சாதாரணமா நினைக்கிற சீட் பெல்ட்டே ஒரு காலத்துல காசு குடுத்து தனியா வாங்குற ஆப்ஷன்தான். அந்தக் கதைல நம்ம டாக்டர்களுக்கும் பெரிய பங்கு இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்த த்ரெட்.

1930-கள். அமெரிக்காவுல டெட்ராய்ட் நகரம், அதாவது கார் கம்பெனிகளோட தாய்வீடு. அங்க கிளேர் ஸ்ட்ரெய்த்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். அவர்கிட்ட வர்ற கேஸ்ல பல ஒரே மாதிரி இருக்கும்: மூக்கு நொறுங்கி, கன்ன எலும்பு உடைஞ்சு, நெத்தி கிழிஞ்சு. பெரும்பாலும் டிரைவருக்குப் பக்கத்துல உக்காந்திருந்தவங்க. டிரைவருக்காவது பிடிச்சுக்க ஸ்டியரிங் இருக்கு. பக்கத்துல இருக்கிறவங்க முகம் நேரா டாஷ்போர்டுல போய் மோதும். அந்தக் கால டாஷ்போர்டு முழுக்க இரும்பு. அதுல முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கிற குமிழ்கள் வேற.

மனுஷன் தையல் போட்டுட்டு சும்மா இருக்கல. தன் சொந்த கார்ல பஞ்சு மெத்தை, பெல்ட் எல்லாம் வச்சுக்கிட்டார். கார் கம்பெனிக்காரங்க பின்னாடியும் அலைஞ்சார். 1937-ல வந்த டாட்ஜ், பிளிமத் கார்கள்ல குமிழ்கள் டாஷ்போர்டுக்குள்ள அடங்கி உக்காந்துச்சு. அதுல அவரோட பங்கு உண்டு.

1955-ல இன்னொரு டாக்டர். ஹண்டர் ஷெல்டன், கலிஃபோர்னியாவின் பசடேனாவுல நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர். அமெரிக்க மருத்துவக் கழக இதழ்ல ஒரு கட்டுரை எழுதினார். சாரம் இதுதான்: கார் விபத்துல வர்ற தலைக்காயத்துக்கு ஆபரேஷன் தியேட்டர்ல நான் செய்யக்கூடியது கொஞ்சம்தான், காரை மாத்துங்க. தானா சுருண்டுக்கிற பெல்ட், பலமான கூரை, உள்வாங்கிய ஸ்டியரிங், மோதும்போது உப்பி விரியுற பைன்னு பெரிய பட்டியலே போட்டார். பை உப்புறதா! 1955-ல!

இதைப் படிக்கும்போது எனக்கு ஹவுஸ் சர்ஜன் காலத்து ராத்திரி ஒண்ணு ஞாபகம் வரும். பின் சீட்ல இருந்த பெரியவர், வெளிய ஒரு கீறல் இல்ல. உள்ள மூளை முழுக்க ரத்தக் கசிவு. முன்னாடி உக்காந்திருந்த மகனும் மருமகளும் பெல்ட் போட்டிருந்தாங்க, ரெண்டு பேரும் நடந்தே வந்தாங்க. பெரியவரை நாங்க காப்பாத்த முடியல. ஷெல்டன் எந்த அலுப்புல அதை எழுதியிருப்பார்னு அன்னைக்குப் புரிஞ்சிருக்கணும். எனக்கு அப்போ அவர் பேரே தெரியாது.

சரி, கதைக்கு வருவோம். 1956 மாடலுக்கு ஃபோர்டு கம்பெனி துணிஞ்சு ஒரு காரியம் பண்ணுச்சு. 'லைஃப்கார்டு'னு பேர் வச்சு பாதுகாப்பையே விளம்பரம் பண்ணி வித்தாங்க. ஃபோர்டு பிரிவுக்கு அப்போ தலைவர் ராபர்ட் மெக்னமாரா. ஆமா, பின்னாடி வியட்நாம் போர் சமயத்துல பாதுகாப்பு அமைச்சரா இருந்த அதே ஆள்தான். குழிவான ஸ்டியரிங்கும் எளிதில் திறந்துக்காத கதவுப் பூட்டும் எல்லா கார்லயும் உண்டு. மெத்தை வச்ச டாஷ்போர்டு, சீட் பெல்ட்? அது ஆப்ஷன், தனிக் காசு.

ஏழு பேர்ல ஒருத்தர்தான் சீட் பெல்ட் கேட்டாங்க. அந்த வருஷம் விற்பனையில செவ்ரோலே முந்திடுச்சு. மெக்னமாரா பாதுகாப்பை விக்கிறார், செவ்ரோலே காரை விக்குதுன்னு டெட்ராய்ட்ல நக்கல் அடிச்சாங்க. பாதுகாப்பு விலை போகாதுங்கிற பேச்சு கம்பெனிக்காரங்க வாயில ரொம்ப வருஷம் ஒட்டிக்கிச்சு. என்னைக் கேட்டா அது அநியாயமான முடிவு. ஏழுல ஒருத்தர்னா அந்தக் காலத்துக்கு கணிசமான கூட்டம்.

அதே நேரம் ஸ்வீடன்ல வேற மாதிரி யோசிச்சாங்க. நில்ஸ் போலின்னு ஒரு இன்ஜினியர். அதுக்கு முன்னாடி போர் விமானத்துல விமானியைத் தூக்கி வெளிய வீசுற சீட் டிசைன் பண்ணிட்டிருந்தவர். 1959-ல வால்வோவுக்காக மூணு இடத்துல மாட்டுற பெல்ட்டைக் கொண்டு வந்தார். இன்னைக்கு நம்ம எல்லார் கார்லயும் இருக்கிறது அதுதான். வால்வோ அதை ஆப்ஷன் லிஸ்ட்ல வைக்கல. முன் சீட்ல நேரா மாட்டியே குடுத்துச்சு, காப்புரிமையையும் மத்த கம்பெனிகளுக்குத் திறந்து விட்டுடுச்சு.

அமெரிக்காவுல அதுக்குச் சட்டம் தேவைப்பட்டுச்சு. ரால்ஃப் நேடர் 1965-ல எழுதின புத்தகம் செவ்ரோலேயின் கோர்வேர் காரைக் கிழிச்சுத் தொங்க விட்டது. அந்தக் கார் திருப்பத்துல நிலைகுலையாம இருக்க முன்பக்கம் ஒரு கம்பி தேவை. செலவை மிச்சம் பிடிக்க முதல்ல அதை வைக்கல. அப்புறம் ஆப்ஷனா குடுத்தாங்க. 1964 மாடல்லதான் எல்லா கார்லயும் வந்துச்சு. 1966-ல வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதை நடத்த அமைச்ச அமைப்போட முதல் தலைவர் வில்லியம் ஹேடன், அவரும் ஒரு டாக்டர். 1968-லிருந்து புது கார்கள்ல பெல்ட் கட்டாயம்.

ஏர்பேக் கதை இன்னும் சோகம். 1974-லிருந்து 1976 வரைக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் தன்னோட பெரிய கார்கள்ல ஏர்பேக்கை ஆப்ஷனா வித்துச்சு. மூணு வருஷத்துல வாங்கினது சுமார் 10,000 பேர். கடையை மூடிட்டாங்க. திரும்ப 1981-ல மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ்ல, அதுவும் ஆப்ஷனாத்தான் வந்துச்சு. ஏபிஎஸ் பிரேக்கும் 1978-ல அதே எஸ்-கிளாஸ்ல ஆப்ஷனாதான் பிறந்தது.

எஸ்யூவிக்கு வருவோம். இன்னைக்கு சொகுசு எஸ்யூவின்னா மொதல்ல ஞாபகம் வர்றது ரேஞ்ச் ரோவர். 1970-ல அது வந்தப்போ வைனில் சீட், தண்ணி அடிச்சுக் கழுவுற மாதிரி உள்பக்கம், ரெண்டே கதவு. பவர் ஸ்டியரிங் கூட கிடையாது, 1973-ல ஆப்ஷனா வந்துச்சு. நாலு கதவு 1981-ல. ஏபிஎஸ் 1989-ல. லெதரும் மரப்பலகையும் ஒவ்வொண்ணா வந்து சேர்ந்த பிறகுதான் அது 'சொகுசு' ஆச்சு.

ஆனா உயரமான வண்டிக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. எடையின் மையம் மேல இருக்கும், அதனால சட்டுன்னு திருப்பினா கவிழ வாய்ப்பு அதிகம். 2000-ல அமெரிக்காவுல ஃபயர்ஸ்டோன் டயர் பிய்ஞ்சு ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்கள் கவிழ்ந்தப்போ ஊரே இதைப் பேசிச்சு. 65 லட்சம் டயரைத் திரும்ப வாங்கினாங்க. இருநூறுக்கும் மேல உயிர்ப்பலி.

இதுக்கு மருந்து அப்பவே இருந்துச்சு. வழுக்கும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியா பிரேக் போட்டு வண்டியை நேராக்குற ஈஎஸ்பி. 1995-ல ஒரு மெர்சிடிஸ் சொகுசு கார்ல வந்தது. 1997-ல ஸ்வீடன் பத்திரிகை ஒண்ணு மெர்சிடிஸோட குட்டி ஏ-கிளாஸை வளைச்சு ஓட்டிப் பார்த்தப்போ கவிழ்ந்துடுச்சு. மானம் போச்சு. உடனே அந்தக் கார் எல்லாத்துலயும் ஈஎஸ்பியை வச்சாங்க. ஒரு கார் ஆப்ஷன்லிருந்து மீண்டது இப்படி! பிறகு அமெரிக்க அரசு கணக்குப் பார்த்தப்போ, தனியா ஒரு வண்டி மட்டும் சிக்குற விபத்து ஈஎஸ்பியால சாதாரண கார்ல 34%, எஸ்யூவில 59% குறையும்னு வந்துச்சு. 2012 மாடல்லருந்து அங்க அது கட்டாயம்.

நம்ம ஊர்ல டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலைலதான். ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்குற பேச்சு 2023-ல கைவிடப்பட்டது. அதனாலதான் அந்த லிஸ்ட் இன்னும் நம்ம கையில இருக்கு.

இதையெல்லாம் நண்பன்கிட்ட வாய்ஸ் நோட்டா அனுப்பினேன். பின் சீட்ல பெல்ட் போடாதவங்க மோதும்போது முன் சீட்காரர் முதுகுல வந்து விழுவாங்க, ஏர்பேக் பெல்ட்டுக்குத் துணைதானே தவிர மாற்று இல்லன்னும் சேர்த்துச் சொன்னேன். ஒரு நாள் பதிலே இல்ல.

நேத்து புது லிஸ்ட் அனுப்பினான். 64 கலர் விளக்கு போயிடுச்சு. பின் சீட் ஏர்பேக்கும் தானா பிரேக் போடுற பேக்கேஜும் உள்ள வந்துடுச்சு. சன்ரூஃப் மட்டும் அப்படியே இருக்கு, பொண்ணு விடமாட்டேங்கிறாளாம். "அம்மாதான்டா பிரச்சனை, பின்னாடி பெல்ட்னாலே மூச்சு முட்டுதுங்கிறாங்க. நீ டாக்டர், வண்டி வந்ததும் வந்து நீயே மாட்டி விடு"ன்னான். போறேன்னு சொல்லியிருக்கேன்.