பிழை நாணயங்களுக்கான தொடக்கநிலைக் கையேடு: கொல்லிமலை வட்டாரத்தை முன்வைத்து ஒரு நாணயவியல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

நாணயச்சாலையில் நேர்ந்த தவறோடு வெளிவந்த காசுகள் பிழை நாணயங்கள் எனப்படுகின்றன. இவற்றைப் பற்றித் தொடக்கநிலையினர்க்கு எழுதப்படும் கையேடு, பிழைகளின் பெயரையும் விலையையும் அடுக்கும் பட்டியலாக அமைதல் போதாது. காசு உருவான முறையை முதலில் விளக்கி, அம்முறையில் எந்த இடத்தில் தவறு நேர்ந்தது என்று கண்டறியும் பயிற்சியை அது அளித்தல் வேண்டும். அத்தகைய பயிற்சி பழங்காசுகளின் எழுத்துகளைப் படிப்பதற்கும் அடிப்படையாகும் என்பதை, கொல்லியின் பெயர் பொறித்த சேரர் காசுகளையும் இன்றைய பத்து ரூபாய் நாணயத்தையும் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: பிழை நாணயம், அச்சு, கொல்லிமலை, சேரர் காசுகள், தமிழ்ப் பிராமி, நாணயவியல் கல்வி.

முன்னுரை

நாமக்கல் மாவட்டத்தில் சேந்தமங்கலத்திலிருந்து கொல்லிமலைக்குச் செல்லும் வழியில் மலையடிவாரத்தில் அமைந்துள்ள பேரூர் காளப்பநாயக்கன்பட்டி. இவ்வட்டாரத்தின் மலை சங்க இலக்கியத்தில் ஓரியின் மலையாகப் பேசப்படுகிறது. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்குக் கொடுத்த செய்தி அகநானூற்றில் (209) இடம்பெறுகிறது. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த சேரர் காசுகளுள் சிலவற்றில் கொல்லியின் பெயர் உள்ளது. ஆகவே இவ்வட்டார மாணவர் ஒருவர் நாணயவியலில் நுழையும்போது, தம் கையில் புழங்கும் ரூபாய் நாணயம், வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழஞ்செப்புக் காசு, தம் மலையின் பெயர் தாங்கிய சங்ககாலக் காசு ஆகிய மூன்றையும் ஒருசேர எதிர்கொள்கிறார். இம்மூன்றையும் ஒரே அளவுகோலால் அளந்தால் முடிவுகள் தவறும். அவருக்கு எழுதப்படும் கையேடு எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வினாவாகும்.

1. பிழையும் பிழையல்லாதனவும்

கையேடு முதலில் வரையறுக்க வேண்டியது பிழை என்னும் சொல்லையே. நாணயச்சாலை கருதிய வடிவம் ஒன்று. வெளிவந்த காசின் வடிவம் வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையிலான வேறுபாடு சாலைக்குள்ளேயே நேர்ந்திருந்தால் மட்டுமே அது பிழை நாணயம். இவ்வரையறை மூன்று வகைக் காசுகளை விலக்கிவிடுகிறது.

முதலாவது, வடிவமைப்புக் குறை. 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ரூபாயில், அரச உடையின் மேலிருந்த சங்கிலியில் பொறித்த யானை பன்றிபோல் தோன்றியமையால் எதிர்ப்பு எழுந்தது. 1912இல் அவ்வுருவம் திருத்தப்பட்டது. அக்காசு கருதியவாறே அடிக்கப்பட்டது. கருத்தில்தான் குறை இருந்தது. ஆதலால் அது பிழை நாணயம் ஆகாது.

இரண்டாவது, வடிவ வேறுபாடு. பத்து ரூபாய் நாணயம் இதற்குத் தக்க சான்று. முற்பட்ட வடிவமொன்றில் 15 கதிர்கள் உள்ளன; ரூபாய்க் குறியீடு அறிமுகமான பின் 2011 முதல் வந்தவற்றில் 10 கதிர்கள் உள்ளன. இவ்வேறுபாட்டைக் கண்டு ஒன்று செல்லும், மற்றொன்று செல்லாது என்ற எண்ணம் தமிழகத்தின் பல ஊர்களில் பரவியது. கடைகளிலும் பேருந்துகளிலும் நாணயத்தை வாங்க மறுத்தனர். 14 வடிவங்களில் வெளியிடப்பட்ட பத்து ரூபாய் நாணயங்கள் அனைத்தும் செல்லும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கமளித்தது. பிழை, போலி, வடிவ வேறுபாடு ஆகியவற்றைப் பிரித்தறியாமையின் விளைவு சேகரிப்பாளரோடு நிற்பதில்லை. அன்றாடம் சில்லறையை நம்பி வாழ்வோரையும் அது தாக்குகிறது.

மூன்றாவது, சாலையை விட்டு வெளிவந்த பின் ஏற்பட்ட சிதைவு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய தடம் உள்ளது. அவ்வெட்டு வேண்டுமென்றே செய்யப்பட்டது. அதுபோலவே, இங்கிலாந்தின் சோகோ ஆலையில் அடிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்ட 1808ஆம் ஆண்டு செப்புக் காசுகளை ஏற்றிய அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809இல் மூழ்கியது. கடலடியிலிருந்து மீட்கப்பட்ட அக்காசுகளில் காணும் அரிப்பும் பிழையன்று. வெட்டும் அரிப்பும் காசின் பிற்கால வாழ்க்கையைச் சொல்கின்றன. அதன் பிறப்பைச் சொல்வதில்லை.

2. இயந்திரக் காசில் பிழை பிறக்கும் இடங்கள்

இன்றைய இந்திய நாணயங்கள் மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு சாலைகளில் அடிக்கப்படுகின்றன. உலோகப் பட்டையிலிருந்து வெற்று வில்லைகள் வெட்டப்படும், விளிம்பு உயர்த்தப்படும், பின் மேலச்சுக்கும் கீழச்சுக்கும் இடையில், ஒரு வளையத்தினுள் வைத்து வில்லை அழுத்தப்படும். இந்நிலைகளைப் புரிந்துகொண்டவர்க்குப் பிழைகளின் பெயர்களை மனப்பாடம் செய்யும் தேவை குறையும்.

வில்லையில் நேரும் பிழைக்குப் பிறைவெட்டு எடுத்துக்காட்டு. முன்பே வெட்டிய துளையின்மேல் வெட்டுக்கருவி மீண்டும் இறங்கினால், வில்லையின் ஒரு பக்கம் பிறை வடிவில் குறையும். குறைந்த பக்கத்திற்கு நேரெதிரே விளிம்பு உயர்த்தும் பொறியின் அழுத்தம் சரியாகக் கிடைக்காது. எனவே அங்கும் விளிம்பு மங்கலாகத் தோன்றுவது வழக்கம். அரத்தால் அராவிச் செய்த போலிப் பிறையில் எதிர்விளிம்பு முழுமையாகவே இருக்கும். ஒரு பக்கத்துக் குறைக்குச் சான்றை மறுபக்கத்தில் தேட வேண்டும் என்னும் இந்நுட்பமே தொடக்கநிலையினர் பெறவேண்டிய முதற்பாடம்.

அச்சில் நேரும் பிழைகள் வேறு தன்மையன. அச்சு விரிசல் கண்டால் அவ்விரிசலில் உலோகம் ஏறி, காசில் மேடான கோடு தோன்றும். அச்சின் பள்ளத்தில் எண்ணெயும் தூசும் அடைந்தால் எழுத்தின் பகுதி மறையும். இந்திய நாணயத்தை மேலும் கீழுமாகப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பினால் மறுபக்க உருவமும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு சுழன்றிருக்கிறது என்பது பொருள்.

அடிக்கும் கணத்தில் நேரும் பிழைகளுள் மையம் விலகிய அடி, இரட்டை அடி, எதிருருப் பதிவு ஆகியவை குறிப்பிடத்தக்கவை. முன் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையை அச்சுக்கு மாறாக அக்காசே அழுத்தும். அதனால் ஒரு பக்கத்தில் வழக்கமான உருவமும், மறுபக்கத்தில் அதே உருவம் இடவலம் மாறிக் குழிவாகவும் பதியும். இதுவே எதிருருப் பதிவு. இந்தியச் சேகரிப்பாளரிடையே இது ‘லக்கி’ எனப்படுகிறது. வைத்திருப்பவர்க்குச் செல்வம் சேரும் என்ற நம்பிக்கையும் இதனைச் சூழ்ந்துள்ளது.

3. கையால் அடித்த காசும் பிழையின் எல்லையும்

கையால் அடித்த காசுகளுக்கு மேற்கூறிய அளவுகோல் அப்படியே பொருந்தாது. அங்கு வில்லையைத் தாங்கும் வளையம் இல்லை; ஒருவர் அச்சைப் பிடிக்க, சுத்தியலால் அடிக்கப்பட்டது. அச்சு வில்லையைவிடப் பெரியதாக இருத்தலும், உருவம் ஒருபுறம் ஒதுங்குதலும், எழுத்துகள் விளிம்பில் அறுபடுதலும் அங்கு இயல்பு. சங்ககாலச் செப்புக் காசிலும் பிற்காலக் காசிலும் இவற்றைக் கண்டு அரிய பிழை என்று கொள்வது, இயந்திர காலத்தின் ஒழுங்கை முற்காலத்தின்மேல் ஏற்றுவதாகும்.

ஆயினும் கையடிக் காசில் பிழையே இல்லை என்பதும் பொருந்தாது. இரட்டை அடியும் எதிருருப் பதிவும் அங்கும் நேர்ந்துள்ளன. உரோமக் குடியரசுக் காலத்து வெள்ளிக் காசுகளில் எதிருருப் பதிவு நன்கறியப்பட்டது. அச்சு செதுக்குபவர் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்க மறந்தால், காசில் அது கண்ணாடியில் கண்டதுபோல் மாறி விழும். எனவே கையேடு கேட்கச் சொல்ல வேண்டிய வினா இது: இக்காசு ஒழுங்கிலிருந்து விலகியதா என்பதன்று, இது அடிக்கப்பட்ட காலத்தின் ஒழுங்கிலிருந்து விலகியதா என்பதே.

4. கொல்லியின் பெயர் பொறித்த காசுகள்

இவ்வேறுபாட்டின் முழு மதிப்பும் கொல்லிக் காசுகளில் வெளிப்படுகிறது. கரூரில் கிடைத்த சேரர் காசுகளுள் மாக்கோதை, குட்டுவன் கோதை ஆகிய பெயர்களோடு கொல்லியைக் குறிக்கும் பெயரும் தமிழ்ப் பிராமி எழுத்தில் காணப்படுகிறது. இதனை ஆய்வாளர் கொல்லிப்புறை என்றும் கொல்லிப்பொறை என்றும் எழுதுகின்றனர். பொறை என்னும் சொல், கரூரை அடுத்த புகழூர்க் கல்வெட்டில் வரும் இரும்பொறை என்னும் பெயரை நினைவூட்டுவது. இரா. கிருஷ்ணமூர்த்தியின் சங்ககாலக் காசு ஆய்வுகளும், ஐராவதம் மகாதேவனின் தமிழ்ப் பிராமி ஆய்வும் இக்காசுகளை அறிஞர் கவனத்தில் நிலைநிறுத்தின.

தமிழ்ப் பிராமியில் உகரக் குறி எழுத்தின் அடிப்பகுதியிலும், ஒகரக் குறி தலைப்பகுதியிலும் இணையும். மையம் விலகிய அடியில் எழுத்தின் அடியோ தலையோ வில்லைக்கு வெளியே போய்விட்டால், எஞ்சிய கோடுகளைக் கொண்டு உயிர்க்குறியைத் துணிதல் அரிது. அச்சில் துணுக்குப் பெயர்ந்தால் அப்பள்ளம் காசில் மேடான புள்ளியாகும். அதனைச் செதுக்கிய புள்ளி என்று மயங்க இடமுண்டு. அச்சில் அழுக்கு அடைந்தால் செதுக்கிய கோடும் மறையும். கொல்லி என்னும் பகுதி அறுபட்ட காசு தனித்துக் கிடைத்தால் அது மலையின் பெயரையே இழந்துவிடும். ஒரு மலைநாடு சேரரின் பெயரோடு இணைந்து நின்றது என்னும் வரலாற்றுச் செய்தி இவ்வாறு சில கோடுகளைப் பற்றி நிற்கிறது.

இம்மயக்கத்தைத் தீர்க்கும் வழியைப் பிழை நாணய ஆய்வே தருகிறது. ஒரே அச்சில் அடித்த பல காசுகளை அடுக்கி ஒப்பிட வேண்டும். செதுக்கிய புள்ளி அவ்வச்சின் முதற்காசு முதல் காணப்படும். துணுக்குப் பெயர்ந்ததால் எழுந்த புள்ளி அச்சு தேய்ந்த பிற்காலக் காசுகளில் மட்டுமே தோன்றும். ஒரு காசில் வெட்டுண்ட எழுத்து மற்றொன்றில் முழுமையாக இருக்கும். தனிக்காசு ஐயத்தைத் தருகிறது. ஒப்பீடு பாடத்தைத் தருகிறது.

5. கையேட்டின் அமைப்பு

மேற்கண்டவற்றிலிருந்து கையேட்டின் வரிசை தெளிவாகிறது. முதலில் காசு கையால் அடித்ததா, இயந்திரத்தால் அடித்ததா என்று காண வேண்டும். அடுத்து, மாற்றம் சாலையினுள் நேர்ந்ததா, வெளியில் நேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பின் வில்லை, அச்சு, அடி ஆகிய மூன்றனுள் எதில் தவறு என்று பிரிக்க வேண்டும். பெயரிடுதல் நான்காம் படி. விலை இறுதியில் வருவது.

ஒவ்வொரு காசுக்கும் எடை, விட்டம், இருபக்கப் படம், கிடைத்த இடம் ஆகியவற்றைக் குறித்துவைக்கப் பழக்குதல் வேண்டும். பத்து ரூபாய் நாணயத்தின் எடை 7.71 கிராம், விட்டம் 27 மில்லிமீட்டர். 2011 வரிசை ஒரு ரூபாயின் எடை 3.79 கிராம். இவ்வளவுகள் தெரிந்தால் அராவியதும் வார்த்ததும் தராசிலேயே பெரும்பாலும் வெளிப்படும். பழங்காசைப் புளியிட்டுத் துலக்கக் கூடாது என்பதையும் கையேடு வலியுறுத்த வேண்டும். துலக்கும்போது மெல்லிய கோடுகளும் அழியும்.

சட்டக் கடமைகளுக்கும் இடமளித்தல் வேண்டும். நிலத்தில் புதைந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியர்க்குத் தெரிவிக்குமாறு 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பணிக்கிறது. ஆற்றுப்படுகைக் காசு கிடைத்த இடம் பதிவாகாமல் கைமாறும்போது அதன் வரலாற்று மதிப்பில் பெரும்பகுதி தொலைகிறது. பழைய நாணயங்களை வாங்குவதாகச் சொல்லி இணையவழியில் கட்டணம் கேட்போரிடம் ஏமாற வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் விடுத்த எச்சரிக்கையும் தொடக்கநிலையினர்க்கு உரியதே.

முடிவுரை

பிழை நாணயம் அரும்பொருள் என்பதைவிட, மறைந்துபோன ஒரு வேலைமுறையின் தடயம் என்பதே நாணயவியலுக்குப் பயன்தரும் நோக்கு. குறையின்றி அடித்த காசு தான் உருவான விதத்தை மறைக்கிறது. பிழைபட்ட காசு அதனைக் காட்டிக்கொடுக்கிறது. வடிவ வேறுபாட்டைப் பிழையென்று கொண்டதால் பத்து ரூபாய் நாணயம் மறுக்கப்பட்டது. அச்சின் பழுதை எழுத்தென்று கொண்டால் கொல்லியின் பெயர் பிறழும். இரண்டிற்கும் வேண்டிய பயிற்சி ஒன்றே. அதனைத் தமிழில், அன்றாட நாணயத்தில் தொடங்கிச் சங்ககாலக் காசுவரை படிப்படியாகக் கற்பிக்கும் கையேடு, கல்லூரி வரலாற்றுத் துறைகளும் அருங்காட்சியகங்களும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.