யாழ்ப்பாணத்துப் பகுதிநேர எழுத்தாளர்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நவீன தமிழ் இலக்கியம் பெரும்பாலும் வேறு தொழில் பார்த்தவர்களால் எழுதப்பட்டது. ஆசிரியர், எழுதுவினைஞர், தபால் ஊழியர், வைத்தியர், சலூன்காரர் எனப் பலரும் பிழைப்புக்கு ஒரு வேலையும் விருப்பத்துக்கு எழுத்துமாக வாழ்ந்தார்கள். எழுத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தியவர்கள் அரிது. எழுதியவர்களே இதழ் நடத்தினார்கள், விற்றார்கள், ஒருவர் நூலை மற்றவர்கள் வாங்கினார்கள். இந்தப் பரஸ்பர ஆதரவுதான் அங்கே இலக்கியத்தின் முதலீடு.

தொழிலும் எழுத்தும்

ஈழத்துச் சிறுகதை முன்னோடிகளில் ஒருவரான இலங்கையர்கோன் காரியாதிகாரியாக இருந்தவர். அளவெட்டிக் கவிஞர் மகாகவி (1927–1971) எழுதுவினைஞராக அரச சேவையில் சேர்ந்து நிர்வாக அதிகாரியானார். ‘நந்தி’ என்ற பெயரில் எழுதிய செ. சிவஞானசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியர். செங்கை ஆழியான் (1941–2016) வன்னியில் நிர்வாக அதிகாரியாகக் கண்டவை ‘காட்டாறு’ நாவலுக்குக் களமாயின. வேலை நேரத்தைத் தின்றாலும் கதைக்குச் சரக்கும் தந்தது.

ஆசிரியர்களின் தொகை பெரிது. கனக செந்திநாதன், குறமகள், தெணியான், கோகிலா மகேந்திரன் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்களே. மத்தியானத்துக்குப் பின் விடும் பள்ளியும் ஆண்டுக்கு மூன்று தவணை விடுமுறையும் அவர்களுக்குப் பேனா பிடிக்க அவகாசம் கொடுத்தன. வீட்டு வேலையும் தலையில் விழுந்த பெண்களுக்கு அந்த அவகாசம் குறைவு. பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ ஈழத்துப் பெண் கவிஞர்களின் முதல் தொகுப்பு.

இதழ்கள்

நா. பொன்னையா 1930இல் தொடங்கிய ‘ஈழகேசரி’ சுன்னாகத்திலிருந்து 1958 வரை வந்தது. அதில் எழுதிப் பழகிய இளைஞர்கள் சிலர் 1943இல் மறுமலர்ச்சிச் சங்கத்தை அமைத்தனர். சங்கத்தின் ‘மறுமலர்ச்சி’ இதழ் 1946 முதல் 1948 வரை வெளியானது. அவர்களில் ஒருவரான வரதர், அச்சகம் நடத்திக்கொண்டே மகாகவியுடன் சேர்ந்து 1955இல் ‘தேன்மொழி’ என்ற கவிதை இதழைக் கொண்டுவந்தார். தபால் துறையில் பணியாற்றிய அ. யேசுராசா ‘அலை’யை (1975–1990) நடத்தினார்.

டொமினிக் ஜீவா (1927–2021) இவர்களில் தனி ரகம். சாதிக் கொடுமையால் இளவயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு, கஸ்தூரியார் வீதியில் குடும்பத்தின் ஜோசப் சலூனில் கத்தரிக்கோல் பிடித்தார். முடிவெட்ட வந்தவர்களோடு இலக்கியம் பேச வந்தவர்களும் அங்கே கூடினார்கள். ‘தண்ணீரும் கண்ணீரும்’ தொகுப்புக்கு அவர் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கி, பிரதிகளைக் கையில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். அந்த இதழ் 2012 வரை நீடித்தது.

போர்க்காலம்

1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. உள்ளூர் எழுத்துக்கு இடம் தந்த ‘ஈழநாடு’ நாளிதழின் அலுவலகமும் தீக்கிரையானது. 1990களின் முற்பாதியில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் அச்சுத்தாளும் கிடைக்கவில்லை. அப்போது ‘மல்லிகை’ கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சானது. எழுதியவர்கள் குப்பி விளக்கில் எழுதினார்கள்.

நூல் வெளியீடு

கையிலுள்ள காசைப் போட்டுப் புத்தகம் அச்சிடுவதே பொது வழக்கம். அந்தக் காசில் ஒரு பங்கைத் திரும்பக் கொண்டுவருவது வெளியீட்டு விழா. தலைமையுரை, வெளியீட்டுரை, நயப்புரை என்று நிகழ்ச்சி நகரும். இடையில் முதற்பிரதியை ஊர்ப் பிரமுகர் ஒருவர் பெறுவார். பின்னர் பெயர் வாசிக்க வாசிக்க உறவினரும் சக ஆசிரியர்களும் மேடையேறி, காசு வைத்த என்வலப்பைக் கொடுத்துவிட்டு நூலை வாங்குவார்கள். புத்தக விலைக்கு மேல் வைப்பதுதான் மரியாதை. எழுத்தாளரின் ஏற்புரையோடு விழா முடியும். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையின் உதவித் திட்டமும் வடக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் நூற்பரிசும் சிலருக்குக் கைகொடுக்கின்றன.

புதியவர்களுக்கு இன்றும் சிற்றிதழே முதற்படி. அல்வாயிலிருந்து ‘ஜீவநதி’ 2007இல் வரத் தொடங்கியது. ‘மறுமலர்ச்சி’, ‘அலை’, ‘மல்லிகை’ ஆகியவற்றின் பழைய இதழ்களை 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் எவரும் இலவசமாகப் படிக்கலாம்.