எடைக்கா வாடகை, இடத்துக்கா?

கொல்லிமலையின் மிளகும் பலாப்பழமும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித்தான் காரவள்ளி அடிவாரத்துக்கு வரவேண்டும். ஆனால் வண்டிக்காரருக்கு இரண்டும் ஒரே சரக்கு அல்ல. மிளகு மூட்டை மூலையில் அடங்கிவிடும். பலா அப்படி அடங்காது. இரண்டு பழங்களுக்கு நடுவே உள்ள காற்றும் சேர்ந்தே கீழே இறங்குகிறது. அந்தக் காற்றுக்கும் யாராவது வாடகை கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் அது விளைவித்தவர் தலையில்தான் விழும்.

தலைச்சுமைக் காலத்தில் இந்தக் கேள்வியே இல்லை. கழுத்து தாங்கும் எடைதான் கணக்கு. தானியத்தை மட்டும் வள்ளத்தாலும் படியாலும் அளந்தார்கள். அது எடையல்ல, இடம். தலை தட்டி அளப்பதா, கோபுரமாகக் குவித்து அளப்பதா என்ற சண்டை அதனால்தான் வந்தது. 1956-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கிலோ வந்து அந்தச் சண்டையை ஓரளவு அடக்கியது.

கப்பல்காரர்களுக்கு இந்தத் தலைவலி பழையது. கப்பலின் அளவைச் சொல்லும் 'டன்' என்ற சொல்லே 'டன்' எனப்பட்ட பெரிய மதுப் பீப்பாயிலிருந்து வந்தது. எத்தனை பீப்பாய் ஏற்றலாம் என்பதே கப்பலின் அளவு. 1773-ல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டார்கள்: நீளத்தையும் அகலத்தையும் அளந்தால் போதும், ஆழம் அகலத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். வரி குறையட்டும் என்று முதலாளிகள் ஒடுக்கமாகவும் ஆழமாகவும் கப்பல் கட்டினார்கள். அவை கடலில் தள்ளாடின. காகிதத்தில் மிச்சம் பிடித்த பணத்துக்கு மாலுமிகளின் உயிர் ஈடு! 1854-ல் மூர்சம் என்பவரின் முறை வந்து, உள்ளே இருக்கும் இடத்தையே அளந்து, 100 கன அடிக்கு ஒரு டன் என்றார்கள்.

நம் ஊர்ப் பருத்தியும் இதில் மாட்டியது. பஞ்சு இடத்தை அடைக்குமே தவிர எடை இருக்காது. அதனால் பம்பாயில் இயந்திரங்களால் நசுக்கி, இறுக்கமான பேல்களாக்கி ஏற்றினார்கள்.

இன்றைய விதி சுருக்கமானது: எடை, இடம் இரண்டையும் கணக்கிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம். கப்பலில் ஒரு கன மீட்டர் என்றால் 1,000 கிலோவுக்குச் சமம். விமானத்தில் 6,000 கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது வழக்கம். பல கூரியர்களிடம் 5,000-க்கே ஒரு கிலோ.

60 × 40 × 40 சென்டிமீட்டர் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 96,000 கன சென்டிமீட்டர். கூரியர் கணக்கில் 19.2 கிலோ. உள்ளே மிளகு இருந்தால் எடை அதைத் தாண்டிவிடும், இட அளவைக் கேட்கவே மாட்டார்கள். பலாச் சிப்ஸ் வெறும் 8 கிலோ இருந்தாலும் 19.2 கிலோவுக்குக் கட்ட வேண்டும். அதே சிப்ஸை 35 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் அடக்க முடிந்தால் 16.8 கிலோ. ஒவ்வொரு பெட்டிக்கும் 2.4 கிலோவின் கூலி கையில் நிற்கும்.