நூலில் நின்ற பெயர்கள்

வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே மாணவர்தம் நினைவில் எழும். ஊசியும் நூலும் கந்தைத் துணியும் வரலாறு எழுதியதுண்டு. அதற்குச் சிங்கப்பூரே சான்று பகரும்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியர் வசமாயிற்று. அடுத்த மாதமே ஐரோப்பியக் குடிமக்கள் சாங்கிச் சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டனர். ஏறத்தாழ 600 கைதிகளுக்கென 1936இல் கட்டிமுடிக்கப்பட்ட அச்சிறையில் ஈராயிரவருக்கும் மேற்பட்டோர் அடைபட்டனர். பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 400 பேர் தனிப்பகுதியில் வைக்கப்பட்டனர். கணவன் ஒருபுறம், மனைவி மறுபுறம். கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பதைக்கூட அறிய வழியின்றிப் பலர் தவித்தனர்.

அச்சிறையில் எலிசபெத் எனிஸ் என்னும் செவிலியர் சிறுமியரைத் திரட்டிச் சாரணியர் குழு ஒன்றை அமைத்தார். எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள ஏறத்தாழ இருபது சிறுமியர் வாரந்தோறும் சிறை முற்றத்தின் ஒரு மூலையில் கூடினர். அவருடைய பிறந்தநாளுக்கு அவரறியாமல் ஒரு பரிசளிக்க எண்ணிய அவர்கள், ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைத் தைக்கலாயினர். கடையேது, துணியேது? கிழிந்த ஆடைகளே துணியாயின. பழைய உடுப்பிலிருந்து பிரித்தெடுத்த இழையே நூலாயிற்று. அறுகோணத் துண்டு ஒன்றை நடுவில் வைத்து, ஆறு துண்டுகளைச் சுற்றிலும் இணைத்தால் ஒரு மலர் உருவாகும். தோழியர் தனித்தனியே தைத்த மலர்களையெல்லாம் சேர்த்து ஒரே போர்வையாக்கினர். தைத்தவர்தம் பெயர்களும் அதில் நூலால் பொறிக்கப்பட்டன.

சிறுமியர் காட்டிய வழியைப் பெரியோரும் பின்பற்றினர். கனடா நாட்டினரான எத்தல் மல்வனி என்பார், பெண்கள் ஒவ்வொருவரும் ஒரு சதுரத் துணியில் தம்மைப் பற்றிய ஏதேனும் ஒன்றைப் பூவேலையாகத் தைத்துப் பெயரும் பொறிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொண்டார். இவ்வாறு 66 சதுரங்கள் கொண்ட போர்வைகள் மூன்று உருவாயின. பிரித்தானியர்க்கு ஒன்று, ஆஸ்திரேலியர்க்கு ஒன்று, சப்பானியர்க்கு ஒன்று. காயமுற்ற வீரர்க்குரியவை என்று கூறி, அவற்றை மருத்துவமனைக்கு அனுப்ப இசைவு பெற்றனர். பகைவர்க்கும் ஒரு போர்வை தைத்தமை அவ்விசைவைப் பெறத் துணைசெய்தது என்பர். போர்வையைக் கண்ட ஆடவர் அதில் மனைவியர் பெயரைத் தேடினர். பெயர் இருந்தால் உயிர் இருக்கிறது என்பது பொருள். நீலநாடா அணிந்த முயற்குட்டியைத் தைத்து, ஆண்மகவு பிறந்த செய்தியைக் கணவனுக்கு உணர்த்தினாள் ஒரு தாய் என்றும் கூறுவர். காவலர் கண்ணுக்கு அது வெறும் பூவேலை. உரியவர்க்கோ அது கடிதம்.

இதே காலத்தில் நம்மவர் நிலை யாது? 1942 பிப்ரவரி 17ஆம் நாள், இன்றைய லிட்டில் இந்தியாவை அடுத்த ஃபேரர் பார்க் திடலில் இந்தியப் படைவீரர் பல்லாயிரவர் சப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் நீசூன் முகாமுக்குச் சென்றனர். அந்த நீசூனே இன்று மாடிவீடுகள் நிறைந்த ஈசூன். பின்னர், மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில்பாதைப் பணிக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். மாண்ட வெள்ளையர் பெயர்கள் போர்க் கல்லறைகளில் உள்ளன. மாண்ட தமிழருள் பெரும்பாலோர்க்குப் பெயர்ப்பட்டியலே இல்லை. அவர்தம் மனைவியரும் கிழிசலைத் தைத்தே அப்பஞ்சக் காலத்தைக் கழித்தனர். மரவள்ளிக்கிழங்கு உணவாகவும் கோணிச்சாக்கு உடையாகவும் இருந்த காலம் அது. ஆயினும் அத்தையலில் பெயர் பொறிப்பார் இல்லை. பொறித்திருப்பினும் போற்றிக் காப்பார் இல்லை.

சாரணியர் போர்வை இன்று இலண்டன் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆஸ்திரேலிய, சப்பானியப் போர்வைகள் கான்பரா போர் நினைவகத்திலும், பிரித்தானியப் போர்வை செஞ்சிலுவைச் சங்கத்திடமும் உள்ளன. துன்பம் இருசாரார்க்கும் பொது. அதைக் குறித்துவைத்தவரே வரலாற்றில் நின்றனர். அக்காலத்தைக் கண்ட பாட்டியர் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். வீட்டுப் பெட்டிகளில் பழந்துணியும் புகைப்படமும் அடையாள அட்டையும் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றுக்குரியார் பெயரைக் கேட்டு ஒரு தாளிலேனும் எழுதி வைப்பதை மாணவர்க்கு வரலாற்றுப் பயிற்சியாக அளிக்கலாம். பெயர் தெரிந்தோர் உள்ளபோதே அது செய்யத்தக்கது.